நெய்வேலிக் கரி எதோடு மல்லுக்கட்டுகிறது?

நெய்வேலின்னு சொன்னதும் கரிதான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடப் புத்தகமும் ‘பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் கரிக்குள்ளே மின்சாரம் கிடையாது. எரித்தால் சூடு வரும், சூட்டில் தண்ணீர் நீராவியாகும், நீராவி டர்பைனைச் சுழற்றும். அதுவரைக்கும் மின்சாரம் என்ற பேச்சே இல்லை. கடைசிப் படியில், டர்பைனோடு சேர்ந்து சுழலும் ஒரு மின்காந்தம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

அந்தக் காந்தத்தின் கதை 1820-ல் தொடங்குகிறது. மின்சாரம் ஓடும் கம்பியின் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதை டென்மார்க்கில் அர்ஸ்டெட் கண்டார். மறுவருஷமே லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். மோட்டாருக்கு அதுதான் பாட்டன். இதையே திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? காந்தத்தால் மின்சாரம் வருமா? பதில் கிடைக்க 1831 ஆயிற்று. காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றும் வராது. அது அசைந்தால், காந்தப்புலம் மாறினால், பக்கத்துச் செம்புச் சுருளில் உள்ள மின்னூட்டங்கள் தள்ளப்படும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 1834-ல் அதைச் சொன்னவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லென்ஸ். அப்படிப் பிறக்கும் மின்சாரம், தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்த்து நிற்கும். செம்புச் சுருளில் மின்சாரம் ஓட ஓட, அதுவும் ஒரு காந்தமாகிச் சுழலும் காந்தத்தைப் பிடித்து இழுக்கும்.

இப்போ நெய்வேலிக்கு வருவோம். நிறுவனம் தொடங்கியது 1956-ல். 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. 1962-ல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடியது. பின்னால் ஒன்பது யூனிட்டும் சேர்ந்து 600 மெகாவாட் ஆயிற்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் இரண்டு துருவக் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது விநாடிக்கு 50 சுற்று சுழல வேண்டும்.

செம்புச் சுருளைச் சுற்றி இரும்பு இருக்கும். காற்றைவிட இரும்பில் காந்தப்புலம் பல மடங்கு சுலபமாகப் பாயும் என்பதால்தான் அது. ஆனால் மாறும் புலம் இரும்புக்குள்ளேயும் மின்சாரத்தைச் சுழல வைத்துச் சூடாக்கிவிடும். 1855-ல் பிரான்ஸில் ஃபூக்கோ காட்டியது இதைத்தான். அதனால் இரும்பை ஒரே கட்டியாக வைப்பதில்லை. சிலிக்கான் கலந்த மெல்லிய தகடுகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பூச்சு பூசி அடுக்குகிறார்கள்.

சுரங்கத்துக்குள் இதே கதை தலைகீழாக நடக்கிறது. கரிக்கு அடியில் உள்ள நீர் அழுத்தத்தோடு மேலே முட்டும். ராத்திரி பகலாக அதை இறைக்காவிட்டால் சுரங்கமே இல்லை. பம்பு, மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரம், கரி ஏற்றும் கன்வேயர் எல்லாமே மோட்டாரில் ஓடுபவை. காந்தம் மின்சாரத்தைத் தர, அதில் ஒரு பங்கு காந்தத்தின் வழியே மறுபடி கரியைத் தோண்டப் போகிறது.

சென்னையில் ஒரு லட்சம் வீட்டில் ஒரே நேரத்தில் ஏசி போட்டால், மின்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு ஜெனரேட்டரின் காந்தமும் அதைச் சுமையாக உணரும். சுழற்சி துளி தளரும். ஈடுகட்ட எங்கோ நீராவி கூட வேண்டும், அதற்குக் கூடுதலாகக் கரி வேண்டும். நாம் எரிப்பதெல்லாம் லென்ஸ் சொன்ன அந்த எதிர்ப்பை வெல்லத்தான். கரிக்கு நிலம் வேண்டும். நெய்வேலியைச் சுற்றி அந்த நிலம் வயலாகவும் வீடாகவும் இருந்தது.

முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அதன் இடத்துக்கு 500 மெகாவாட் யூனிட்கள் இரண்டு வந்தன. அவற்றிலும் சுழல்வது காந்தம்தான். நெய்வேலியில் இப்போது சோலார் தகடுகளும் இருக்கின்றன. அங்கே எலக்ட்ரானைத் தள்ளுவது வெயில், சுழலும் காந்தம் இல்லை. சுமை திடீரென்று ஏறினால் சில விநாடி தாங்கிப் பிடிக்கும் கனத்த சுழலியும் அதில் இல்லை. கரியை விட்டு வெளியே வருகிற காலத்தில், அந்தச் சில விநாடிகளை யார் தாங்குவது என்ற கணக்கையும் சேர்த்தே போட வேண்டியிருக்கிறது.