மலையடிவார ஊரும் எழுத்து வாழ்வின் நீளமும்

பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பகுதியில், கேரள எல்லையை ஒட்டிப் பேருந்துச் சாலை முடியும் இடத்தில் அமைந்த சிற்றூர் கிளாவரை. படிப்படியாக வெட்டிய வயல்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர் அது. அங்கிருந்து மன்னவனூர், பூம்பாறை, கொடைக்கானல் எனக் கீழிறங்கி வரும் வழி, சமவெளியில் வத்தலக்குண்டை அடைகின்றது. எழுதுவோரின் நலவாழ்வைக் குறித்துச் சிந்திப்பவர்க்கு இவ்வழியின் இரு முனைகளும் பாடம் சொல்வன. மலை, உடல்நலம் நாடியோர் ஏறிச் சென்ற இடம். அடிவாரம், எழுத்துக்கு வாழ்வை ஒப்படைத்தோர் தோன்றிய இடம்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் மதுரையில் தன் பணியைத் தொடங்கியது. காய்ச்சலும் காலராவும் அதன் ஊழியர் பலரைப் பலி கொண்டன. எனவே 1845இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் எழுந்தன. கோடையில் மலையேறி உடல் தேறி, மீண்டும் பணிக்குத் திரும்புதல் அவர்தம் வழக்கமாயிற்று. ஓய்வைத் தனியொருவரின் விருப்பமாக விட்டுவிடாது, பணியின் ஒரு கூறாகவே அவ்வமைப்பு ஏற்றுக்கொண்டது என்பது இங்கு நோக்கத்தக்கது. அவர்களை நாற்காலிகளிலும் டோலிகளிலும் வைத்து மலைமேல் சுமந்து சென்றவர்கள் இந்நாட்டுக் கூலியாட்கள் என்பதும் மறக்கற்பாலதன்று. ஒருவரது நலத்தின் சுமை மற்றொருவரது தோளில் ஏறியதும் இவ்வரலாற்றின் பகுதியே.

அடிவாரத்தில் பிறந்த எழுத்தாளர்க்கு அத்தகைய ஏற்பாடு வாய்க்கவில்லை. வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி. ஆர். ராஜமய்யர், தம் இருபத்தோராம் வயதில் 'கமலாம்பாள் சரித்திரம்' என்னும் நாவலை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதத் தொடங்கினார். 1896 சூலையில் சென்னையில் தோன்றிய 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியரானார். திங்கள்தோறும் இதழின் பெரும்பகுதியை அவரே எழுத வேண்டியிருந்தது. இரண்டாண்டுகள் நிறையும் முன், 1898 மே மாதத்தில், இருபத்தாறு வயதில் அவர் மறைந்தார். இதழும் உடனே நின்றது. பின்னர் அல்மோராவிலிருந்துதான் அது மீண்டும் வெளிவந்தது. ஒரே தோளில் நின்ற பணி, அத்தோள் சாய்ந்ததும் சாய்ந்தது. தமிழ் நாவல் அந்த ஒரே நூலோடு அவரை இழந்தது.

அதே ஊரினரான பி. எஸ். ராமையா (1905-1983) வேறொரு வழியைக் காட்டுகின்றார். 1935 முதல் 'மணிக்கொடி'யைச் சிறுகதை இதழாக நடத்திய அவர், பின்னர்த் திரைப்படத்துறைக்கும் நாடக மேடைக்கும் சென்றார். அதனால் அவரது இலக்கியத் தகுதி குறைந்ததெனக் கருதியோரும் உண்டு. ஆயினும் வருவாய் தரும் எழுத்தும் மனத்துக்குகந்த எழுத்தும் அவரிடம் ஒன்றையொன்று கொன்றுவிடவில்லை. முதுமையில் அவர் எழுதிய 'மணிக்கொடிக் காலம்' 1982இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. அந்நூல் இன்றேல், அவ்வியக்கத்தின் வரலாற்றில் பெரும்பகுதி நமக்குக் கிட்டியிராது.

வத்தலக்குண்டைச் சொந்த ஊராகக் கொண்ட மூன்றாமவர் சி. சு. செல்லப்பா (1912-1998). 1959 சனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து' 119 இதழ்கள் வெளிவந்து 1970இல் நின்றது. கைப்பொருளைச் செலவிட்டார், வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிதோறும் சென்று விற்றார். இந்த அர்ப்பணிப்பைப் பாராட்டாத விழாமேடை இல்லை. எனினும், அந்த இல்லத்தில் அடுப்பெரிய வழிதேடியவர் யார் என்னும் வினாவை எழுப்பிய மேடைகள் மிகச் சிலவே. இதழாசிரியரின் பெயர் அட்டையில் அச்சாகிறது. வீட்டுச் சுமையைத் தாங்கிய துணைவியின் பெயர் எந்த இதழிலும் அச்சாவதில்லை.

'எழுத்து' செய்த ஒரு காரியம் இங்குத் தனியே சுட்டத்தக்கது. கும்பகோணத்தில் இரட்டையர் எனப் பெயர் பெற்ற நண்பர்கள் ந. பிச்சமூர்த்தியும் கு. ப. ராஜகோபாலனும். மேலூரில் அரசுப் பணியிலிருந்த கு.ப.ரா. கண்நோயால் வேலையைத் துறந்தார். பின்னர் எழுத்தையே பிழைப்பாக நம்பினார். 1944இல் நாற்பத்திரண்டு வயதில் மறைந்தார். பிச்சமூர்த்தியோ வழக்கறிஞராகவும், பின் கோயில் நிருவாக அலுவலராகவும் பணிபுரிந்தார். இடையில் நெடுங்காலம் அவர் கவிதை எழுதவில்லை. 1959இல் அவரது பழைய கவிதையான 'பெட்டிக்கடை நாரண'னை 'எழுத்து' மறுபடியும் வெளியிட்டது. ஐம்பத்தெட்டு வயதைக் கடந்தவர் மீண்டும் எழுதலானார். 1962இல் 'காட்டு வாத்து' வந்தது. புதுக்கவிதைக்கு வழி திறந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? வறுமையும் நோயும் கவிஞனின் முத்திரைகள் என்று பேசுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். முப்பத்தெட்டில் மறைந்த பாரதியையும், நாற்பத்திரண்டில் காசநோய்க்கு இரையான புதுமைப்பித்தனையும் சான்று காட்டுவர். அவர்கள் எழுதியது நோயினால் அன்று. நோயையும் மீறி எழுதினர். எழுதாமல் போனவற்றை எந்த நூலகமும் கணக்கிட்டுக் காட்டாது. பிச்சமூர்த்தியின் மௌனமும் தோல்வியன்று. கொடைமலையின் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கின்றது. 2006இலும் 2018இலும் மலை நீலமாயிற்று. பூவாத ஆண்டுகளிலும் செடி உயிரோடுதான் இருந்தது.

பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்திற்கு இவ்வரலாறு சில கடமைகளை உணர்த்துகின்றது. வட்டத்தின் பணி முழுவதும் ஒரே செயலாளரின் தோளில் நிற்கலாகாது. மாதந்தோறும் கவிதை தந்தே தீரவேண்டும் என எவரையும் நெருக்கலாகாது. பிள்ளைப்பேறு, நோய், பணிமாற்றம், பெற்றோரைப் பேணல் ஆகியவற்றால் கூட்டத்திற்கு வாராதொழிந்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாகாது. அவர்களுள் பெண்களே மிகுதி என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்தம் பழைய கவிதை ஒன்றை எடுத்துக் கூட்டத்தில் படிப்பதும், அழைப்பிதழை அவர் முகவரிக்கு விடாது அனுப்புவதும் சிறு செயல்களே. பிச்சமூர்த்தியை மீட்டதும் அத்தகைய சிறு செயலே.

எத்தனை நூல்கள் வெளியிட்டோம் என்பது பத்தாண்டுக் கணக்கின் ஒரு பகுதி. எழுதுவதை நிறுத்தியவருள் எத்தனை பேர் திரும்பி வர இடம் வைத்திருந்தோம் என்பது அதன் மறுபகுதி. இரண்டாவது கணக்கைச் சரியாக எழுதும் வட்டமே இருபதாவது ஆண்டைக் காணும்.