29ஆம் பிரிவுக்கு வெளியே நின்ற மக்கள்: சோல்பரி அரசியலமைப்பின் ஒரு வெற்றிடம்

1948 பெப்ரவரி 4ஆம் தேதி இலங்கை டொமினியன் ஆனபோது அதன் கையில் இருந்தது சோல்பரி அரசியலமைப்பு. பெயர் பிரித்தானிய ஆணைக்குழுத் தலைவர் சோல்பரி பிரபுவினுடையது. அடித்தளமோ 1944இல் அமைச்சர்கள் முன்வைத்த வரைவு. பின்னர் முதல் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவுக்குத் துணைநின்று அதை எழுதியதில் சட்ட அறிஞர் ஐவர் ஜெனிங்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. சிறுபான்மையினரின் காப்பாக எல்லோரும் சுட்டுவது அதன் 29(2)ஆம் பிரிவை. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டமும், ஒரு சமூகத்தாருக்கு மட்டும் சலுகை தரும் சட்டமும் செல்லாது என்றது அது. பின்வந்த ஆட்சியாளர்கள் இந்தக் காப்பை மீறினார்கள் என்பது வழக்கமான வாதம். அது பாதி உண்மைதான். மீறும் வழி வரைவிலேயே திறந்து கிடந்தது. யார் குடிமக்கள் என்று அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை. அதைச் சாதாரணப் பெரும்பான்மையின் கையில் விட்டது.

1948இலேயே வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக, அவருடைய தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிறந்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் பாட்டனின் பிறப்புக்குப் பதிவுத்தாளை எங்கே தேடுவார்? தாள் இல்லாத சிங்களக் கிராமத்தவர் பலர். அவர்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளோடு நிறுத்தியது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய, அவர்களின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸுக்கு 1952இல் ஓரிடமும் இல்லை.

கேகாலை மாவட்டத்தில் கோடகன் பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கேட்டார். விண்ணப்பத்தை விசாரித்த திருத்த அலுவலர் சிவஞானசுந்தரம், இச்சட்டங்கள் 29(2)ஐ மீறுவதால் செல்லா என்று முடிவு சொன்னார். உயர் நீதிமன்றம் 1951இல் அதை நீக்கியது. லண்டன் கோமறைக் கழகம் 1953இல் நீக்கியது சரியென்றது. தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம் என்பது அதன் நியாயம். கழகம் சட்டத்தின் சொல்லைப் பார்த்தது. அந்தச் சொல் யார் தலையில் விழுந்தது என்பதைப் போதிய அளவு பார்க்கவில்லை. திருத்த அலுவலரின் முடிவே சரி என்பது என் துணிபு.

அரசியலமைப்பின் தொகுதிப் பங்கீடு இன்னும் கொடியது. அது வாக்காளரை அல்ல, குடித்தொகையை எண்ணியது: 75,000 பேருக்கு ஓர் இடம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் இடம். மலைநாட்டுத் தொழிலாளர்களின் தலைகள் அந்தக் கணக்கில் தொடர்ந்து எண்ணப்பட்டன. அவர்கள் பேரால் கிடைத்த இடங்களுக்கு வாக்களித்தவர்கள் அயல் கிராமத்தார்.

இதற்கு மாறாக, அக்காலத்தில் டொமினியனாகவே இருந்த இந்தியா, தன் அரசியலமைப்பின் 5 முதல் 11 வரையான உறுப்புகளில் குடியுரிமையைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டது. 11ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு விரிந்த அதிகாரம் தருவது உண்மைதான். ஆனாலும் முதல் நாளில் யார் உள்ளே என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை.

29ஆம் பிரிவு 1972 மே 22இல் புதிய அரசியலமைப்போடு மறைந்தது. மலையகத் தமிழரில் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது: 55 ஆண்டுகள்.