ரெட் டாட் குறிநோக்கி

துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும், பொதுவாக உருப்பெருக்கம் இல்லாத மின்னணுக் குறிநோக்கி. சிறு எல்.ஈ.டி.யின் செந்நிற ஒளி, பூச்சிட்ட வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி, சுடுபவரின் கண்ணுக்கு இலக்கின் மேல் மிதக்கும் புள்ளியாகத் தெரியும். சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தரைப்படை அதன் குறிநோக்கியை எம்68 என்ற பெயரில் ஏற்றது.

மலிவானதா, விலையுயர்ந்ததா என்ற கேள்வியில் பலர் முதலில் பார்ப்பது மின்கல ஆயுளை. அது இன்று பெரிய அளவுகோல் அல்ல: 50,000 மணி நேரம் என்ற அறிவிப்பு மலிவு வகைகளிலும் உண்டு. வேறுபாடு உள்ளே இருக்கிறது. மலிவானவற்றில், சுடும் அதிர்வில் திருகுகள் தளர்ந்து குறி நகரலாம். கண்ணாடி நீலம் பாய்ந்திருக்கலாம். கண் ஓரத்துக்குப் போனால் புள்ளி இலக்கை விட்டு விலகலாம். உயர்விலை வகைகள் நீரில் மூழ்கினாலும் கீழே விழுந்தாலும் தாங்கும். காகித இலக்கில் பயிற்சி செய்பவருக்கு இது அவசியமில்லை. உயிரைப் பணயம் வைக்கும் காவலருக்கு அவசியம். புள்ளி சிதறித் தெரிந்தால் கருவியைக் குறைசொல்லுமுன் கண்ணைச் சோதிக்கலாம்: சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு எந்த விலையிலும் அப்படித் தெரியலாம்.