யாருடைய 1965? – மீண்டு வரும் வண்டிகளும் மீளாத கைகளும்

1

விடிகாலையில் வானகரம் சர்வீஸ் ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டு நின்றால் இரண்டு ஊர்வலங்களைப் பார்க்கலாம். ஒன்று, கம்பெனி பஸ்கள். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கியபடி போகும் இளைஞர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, ஒரு ரூமில் ஆறு பேராகத் தங்கியிருப்பவர்கள். இன்னொன்று ஞாயிறுகளில் மட்டும் வருவது. வட்டமான ஹெட்லைட், குரோமியம் பூசிய டாங்கி, தோல் ஜாக்கெட். பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போகும். பார்த்தால் அறுபதுகளின் ஏதோவொரு ஆங்கிலப் படத்திலிருந்து தவறி விழுந்தவை மாதிரி இருக்கும். உள்ளே எரிபொருளை அளந்து தெளிக்கும் மின்னணு ஏற்பாடு, ஏ.பி.எஸ். பிரேக், ஆறு கியர்.

ஒரே சாலை, ஒரே திசை. ஒருவருக்கு அது பழைய காலத்துக்குப் போகிற வழி. மற்றவருக்கு ஷிப்டுக்குப் போகிற வழி. அந்தப் பழைய காலத்தைத் தயாரித்துத் தருகிறவர்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் என்பதிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்கலாம்.

2

பழைய வண்டியின் உருவத்தைப் புதிய இயந்திரத்துக்குச் சட்டையாகப் போட்டு விற்பது ஒரு உலகளாவிய வியாபாரம். 1994இல் வோக்ஸ்வாகன் கம்பெனி அமெரிக்காவில் ஒரு மாதிரிக் காரைக் காட்டியது. அதுவே 1998இல் 'நியூ பீட்டில்' ஆயிற்று. உருவம் பழைய பீட்டில், உள்ளே கோல்ஃப் என்கிற இன்னொரு கார். பின்னாலிருந்த எஞ்சின் முன்னால் வந்துவிட்டது. டாஷ்போர்டில் பூச்சாடி வைக்க ஒரு இடமும் உண்டு. அந்தப் பூ 1960களின் ஹிப்பிகளை ஞாபகப்படுத்தும். அந்தக் கார் ஹிட்லரின் 'மக்கள் கார்' திட்டத்தில் பிறந்தது என்பதையோ, போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் கட்டாய உழைப்பு நடந்தது என்பதையோ ஞாபகப்படுத்தாது. மறுவருகை என்பது ஞாபகம் மட்டுமல்ல, திட்டமிட்ட மறதியும்தான்.

2001இல் பி.எம்.டபிள்யூ. 'மினி'யை மீட்டெடுத்தது. பழைய மினி கடைசிவரை தயாரான லாங்பிரிட்ஜ் தொழிற்சாலை 2005இல் எம்.ஜி. ரோவரோடு சேர்ந்து திவாலாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கார் திரும்பி வந்தது, ஊர் திரும்பவில்லை. அதே 2001இல் மறுபிறவி எடுத்த டிரையம்ஃப் போனவில் மோட்டார் சைக்கிளில் சில வருடங்கள் கழித்து கார்புரேட்டர் போய் மின்னணு ஏற்பாடு வந்தபோது, அந்தப் புதிய பாகத்தையே கார்புரேட்டர் மாதிரி வார்த்துப் பொருத்தினார்கள். பாகம் வேலை செய்தால் மட்டும் போதாது, நடிக்கவும் வேண்டும்.

வரலாற்று உணர்வை இழந்த சமூகம் கடந்த காலத்தை வெறும் பாணிகளாக நுகர்கிறது என்று பிரெடரிக் ஜேம்சன் பேசியதை இங்கே நீட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அவர் பார்த்தது அமெரிக்காவை. அங்கே செத்துப்போனதன் பாவனையே ரெட்ரோ. சாகாத ஒன்றைப் பற்றி, அதாவது பழையது இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற நாடுகளைப் பற்றி, அந்தக் கோட்பாடு அதிகம் பேசவில்லை. மெக்சிகோவின் புவெப்லாவில் ஒரே தொழிற்சாலை வளாகத்தில் இரண்டு பீட்டில்களும் தயாராயின. பழையது மெக்சிகோவின் டாக்சிக்காரர்களுக்கு, புதியது அமெரிக்காவின் ஞாபக ஏக்கத்துக்கு. 2003 ஜூலையில் பழையதை நிறுத்தினார்கள். மூலமும் நகலும் ஒரே கேட் வழியாக வெளியே வந்த அந்தச் சில வருடங்களை யோசித்துப் பாருங்கள். நமக்குப் பக்கத்து உறவு அதுதான்.

3

நம்முடைய புவெப்லா திருவொற்றியூர்.

ரெட்டிச் என்கிற ஆங்கிலேய ஊரில் இருந்த ஒரு கம்பெனி, லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்தது. அதனால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1857இல் சிப்பாய்கள் கடித்துத் திறக்க மறுத்த தோட்டா எந்தத் துப்பாக்கிக்கு உரியதோ, அந்த என்ஃபீல்டேதான் இது. 'துப்பாக்கி போலச் செய்யப்பட்டது' என்பது கம்பெனியின் விளம்பர வாசகம். வண்டியின் பெயர் புல்லட். சுதந்திர இந்தியாவின் இராணுவம் ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு அதை வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் இங்கேயே வந்தது.

ஊரைச் சுற்றி வேறு பெயர்களும் இப்படித்தான் வந்தன. பர்மிங்ஹாம் சிறு ஆயுதக் கம்பெனி என்பதன் சுருக்கமான பி.எஸ்.ஏ. இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள். அம்பத்தூர்க்காரனுக்கு அது சைக்கிள், டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. பாடியில் லூகாஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. ஏகாதிபத்தியத்தின் பழைய பட்டறைப் பெயர்கள் எல்லாம் மேற்கு மெட்ராஸில் பஸ் ஸ்டாப் பெயர்களாகிவிட்டன.

1970க்குள் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு முடிந்துபோனது. திருவொற்றியூரில் முடியவில்லை. போலீஸ்காரர், பால்காரர், பண்ணையார், கட்சிக்காரர் என்று ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆம்பியர் மீட்டரைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, பிஸ்டனை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து உதைக்கத் தெரிய வேண்டும். தெரியாதவனைக் கிக்கர் திருப்பி உதைக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். டாங்கியின் தங்கக் கோட்டைக் கையாலேயே, அளவுகோல் இல்லாமல், ஒரே இழுப்பில் போட்டார்கள். இதையெல்லாம் யாரும் 'பாரம்பரியம்' என்று சொல்லவில்லை. வண்டி என்றுதான் சொன்னார்கள்.

4

1994இல் கம்பெனி ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. பொருளாதாரக் கதவு திறந்த அந்தத் தொண்ணூறுகளில்தான் 'ராயல்' என்ற சொல்லும் திரும்ப வந்தது. காலனி ஆட்சி போய் வெறும் 'என்ஃபீல்டு' ஆக இருந்தது, உலகச் சந்தைக்குப் போகும்போது மறுபடி அரச பட்டம் சூட்டிக்கொண்டது. இதை ஒரு பெயர் மாற்றமாக மட்டும் பார்க்க முடியவில்லை.

2009இல் இந்தியாவில் 'கிளாசிக்' வந்தது. இங்கே ஒரு விநோதம் நடக்கிறது. ஐம்பதுகளின் புல்லட் உண்மையிலேயே ஐம்பதுகளிலிருந்து விடாமல் தயாராகிக்கொண்டிருக்கும்போது, ஐம்பதுகளின் தோற்றம் கொண்ட புது வண்டி ஏன்? பழையதின் வார்ப்பிரும்பு எஞ்சின் ஒழுகும், நடுங்கும், புகைச் சட்டத்துக்கு அடங்காது. அதாவது அது உண்மையாகவே பழையது. ஞாபக ஏக்கத்துக்கு உண்மையான பழசு உதவாது. எண்ணெய் ஒழுகாத பழசுதான் வேண்டும். ஆகவே புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிகிற வாக்கில் வார்ப்பிரும்பு எஞ்சினை ஓய்வுக்கு அனுப்பினார்கள். கியர் இடது காலுக்குப் போனது. உயிரோடிருந்ததை நிறுத்திவிட்டு, அதன் முகத்தைப் புதியதற்குப் பொருத்தினார்கள். மேற்கில் செத்ததற்கு ரெட்ரோ உயிர் கொடுத்தது என்றால், இங்கே முதலில் உயிரை எடுத்துத்தான் ரெட்ரோவைத் தொடங்க வேண்டியிருந்தது.

இது தவறென்று நான் சொல்லவில்லை. புகையும் நடுக்கமும் புனிதமல்ல. 2014இல் கம்பெனி 3 இலட்சத்துக்கு மேல் வண்டிகளை விற்றது. பல குடும்பங்கள் அதில் சோறு சாப்பிட்டன. ஆனால் எது விற்கப்பட்டது என்பதைக் கேட்டாக வேண்டும்.

5

கிளாசிக்காவது நம் தெருவில் ஓடியதன் முகம். 'கான்டினென்டல் ஜிடி' விஷயம் வேறு.

1965இல் ரெட்டிச் கம்பெனி கான்டினென்டல் ஜிடி என்ற 250 சிசி வண்டியை விற்றது. அன்றைய பிரிட்டனில் வேலைக்குப் போகத் தொடங்கிய பையன்கள் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, தேவையற்ற தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு காபிக் கடையிலிருந்து இன்னொன்றுக்குப் பந்தயம் ஓடினார்கள். கஃபே ரேசர் என்று பெயர். கையில் கொஞ்சம் கூலியும் மனதில் நிறைய எரிச்சலும் கொண்ட தொழிலாளி வர்க்கத்துப் பிள்ளைகள். அவர்கள் தாமாகச் செய்ததைக் கம்பெனி தொழிற்சாலையிலேயே செய்துகொடுத்தது. தன் தொழிற்பழகுநர்களிடம் யோசனை கேட்டுத்தான் அந்த வண்டியை வடிவமைத்ததாகக் கம்பெனிக் கதை பெருமையோடு சொல்கிறது.

அந்தப் பெயர் 2013இல் 535 சிசி வண்டியாகவும், 2018இல் 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன் வண்டியாகவும் திரும்பி வந்தது. கிராங்கை 270 டிகிரியில் அமைத்ததால் வெடிப்புகள் சீராக விழாமல், மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு தாளம் வருகிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்வானேன். 2021 முதல் அதற்கென்றே ஒரு பந்தயமும் நடக்கிறது.

கேள்வி இது: 1965இல் நம் பையன்கள் எங்கே இருந்தார்கள்? அந்த ஜனவரி 25க்குப் பிறகு மெட்ராஸ் மாகாணத்தின் கல்லூரிகளும் தெருக்களும் எப்படி இருந்தன என்பது இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்; துப்பாக்கிச் சூடு நடந்தது. நமக்கும் ஒரு 1965 இருந்தது, அதிலும் இளைஞர்களின் எரிச்சல் இருந்தது. ஆனால் இன்று வானகரம் வழியாகப் போகிற பையனின் டாங்கியில் இருப்பது லண்டன் காபிக் கடையின் 1965. அது அவன் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ நடக்காதது. நடக்காத ஒன்றை நினைத்து ஏங்கும்படி அவனைப் பழக்க முடிந்திருக்கிறது. இழந்ததற்காக ஏங்குவது மனித இயல்பு. ஒருபோதும் பெறாததை இழந்ததாக நம்ப வைப்பது மூலதனத்தின் சாமர்த்தியம்.

நம் ஊரில் வேகத்துக்குக் கதையே இல்லையா? இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் ஹெரால்டையும் பியட்டையும் புல்லட்டையும் கடைந்து, அரைத்து, பந்தயம் ஓடினார்கள். 1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. பட்டறைக்காரனின் அந்தக் கைவேலை ஞாபகத்துக்கு ஏனோ மார்க்கெட் இல்லை.

6

2018 செப்டம்பரில் புதிய இரட்டை சிலிண்டர் வண்டிகளை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பத்திரிகைக்காரர்களுக்கு ஓட்டக் கொடுத்தார்கள். அதே செப்டம்பரில் ஒரகடம் வட்டாரத்தில் யமஹா, ராயல் என்ஃபீல்டு, மியோங் ஷின் என்று மூன்று தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். சங்கம் வைக்கும் உரிமை, பயிற்சியாளர் என்ற பெயரிலேயே வருடங்களை ஓட்டுவது, கூலி பற்றிப் பேச உட்காருவது: இவை ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியின் தீராத கேள்விகள். நவம்பரில் வண்டி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

1965இன் தொழிற்பழகுநனுக்கு வண்டியின் வரலாற்றில் ஒரு பத்தி கிடைத்திருக்கிறது. இன்றைய பயிற்சியாளனுக்கு அடையாள அட்டைதான். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தொழிலாளிப் பையன் எழுப்பிய ஓசையை இந்தக் காலத்துத் தமிழ்ப் பையன் பூட்டுகிறான். அவன் ஓசை எழுப்பினால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. கிளர்ச்சியை அலங்காரமாக விற்கலாம், கிளர்ச்சி செய்யக்கூடாது.

7

ஒரு பண்டத்தின் மறுபிறவியைப் புரிந்துகொள்ள, மறுபிறவி மறுக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதே என்ஃபீல்டு ஜெர்மன் ஜுண்டாப் கம்பெனியின் உதவியோடு சில்வர் பிளஸ் என்ற சின்ன 50 சிசி வண்டியைச் செய்தது. முதன்முதலாக வண்டி வாங்கிய பல நடுத்தரக் குடும்பங்கள் அதில் போயின. டாரஸ் என்று ஒரு டீசல் புல்லட் இருந்தது. மெதுவாகப் போகும், புகையும், ஆனால் ஒரு லிட்டரில் ஊர் சுற்றலாம். இவற்றுக்கு எந்த ரெட்ரோவும் வரவில்லை. பஞ்சத்தின் ஞாபகம் அழகாக இருக்காதல்லவா.

கார்களிலும் அப்படியே. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் ஹெரால்டு செய்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த கார். அதே ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கித்தான் பிரிட்டனில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த எலும்புக்கூடு நம் ஊரிலும் தயாரானது. அதற்கு இங்கே குடும்ப உடம்புதான் வாய்த்தது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 தோற்று, எண்பதுகள் முடிவதற்குள் தொழிற்சாலை முடங்கியது. ஹெரால்டை மீட்டெடுக்க யாரும் வரவில்லை. அதை நினைத்து ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது உலகச் சந்தைக்குப் புரியாத ஏக்கம்.

வானகரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அம்பத்தூர்ப் பக்கம் பட்டறையில் தொழில் கற்றவர். புது வண்டிகளுக்கு லேப்டாப் வைத்துக் கோளாறு பார்க்க வேண்டியிருப்பதால் அவை அவரிடம் அதிகம் வருவதில்லை. மூலையில் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் ஒன்று நிற்கிறது, வலது கால் கியரோடு. "பழசு பழசுன்னு ரெண்டு மூணு லட்சம் குடுத்து வாங்குறாங்க சார். நெஜமான பழசு இங்க நிக்குது, பாயிண்ட் செட் பண்ண ஆள் இல்ல. எனக்கப்புறம் எம் பையனும் வரமாட்டான்" என்றார்.

அவர் பையன் ஒரகடத்தில் பயிற்சியாளராக இருக்கிறான். காலையில் வானகரத்தில்தான் கம்பெனி பஸ் ஏறுகிறான்.

மீட்டெடுக்க வேண்டியது எது என்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்வேன்: வடிவத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; அந்தத் தகப்பனின் கையில் இருப்பதும், அந்த மகனுக்குத் தரப்படாததும் என்னவென்று முதலில் எழுதி வைப்போம்.