முட்டி, காது, ஜன்னி: பட்டாளத்துக்குப் போவதும் சின்ன வயசு நோய்களும்

எங்க பேரையூர் தாலுகாவுல, பட்டாளத்துக்குப் போன ஆள் இல்லாத தெரு குறைவு. மானாவாரி பூமி. மழை பெய்தால் பருத்தி, இல்லைன்னா வேற ஏதாவது வழி பார்க்கணும். அதனால பத்து, பன்னிரண்டு படிச்ச பையன்கள் விடியக்காலையில ரோட்டில் ஓடிப் பழகுறது இங்கே சாதாரணக் காட்சி. ஐ.டி.யில வேலை பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சு, ஊருக்குப் போகும்போது அந்தப் பசங்க என்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு: "அண்ணே, எனக்குச் சின்ன வயசுல இன்ன வியாதி இருந்துச்சு, எடுப்பாங்களா?"

கேள்வி எளிமையானது. பதில் தேடப்போய், குன்னூர் எலிகள் வரைக்கும் போயிட்டேன். அதுதான் இந்தப் பதிவு.

முதலில் நேரடியான பதில். டாக்டர்கள் பெரும்பாலும் பார்ப்பது நோயின் பெயரை அல்ல, அது இன்றைக்கு உடம்பில் விட்டுப்போன தடத்தை. முட்டி தட்டுகிறதா என்று பார்க்க, நிற்க வைத்துக் கணுக்கால்களுக்கு இடையே அளப்பார்கள். ஆண்களுக்கு 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் தகுதியில்லை. தட்டைப் பாதம் என்றாலே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. நுனிக்காலில் நிற்கும்போது பாதத்தின் வளைவு திரும்பத் தெரிந்து, பாதமும் நன்றாக வளைந்து கொடுத்தால் அது குறையாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. காது ஜவ்வில் ஓட்டை இருந்தால் சிக்கல். அந்த ஓட்டை பல பேருக்கு அஞ்சு, ஆறு வயசுல சீழ் வடிஞ்ச காதோட மிச்சம்.

சில நோய்களுக்கு மட்டும் பழைய கதையையும் கேட்பார்கள். ஆஸ்துமா அதில் ஒன்று. திரும்பத் திரும்ப இழுப்பு வந்த வரலாறு இருந்தால் கஷ்டம்தான். இன்னொன்று வலிப்பு. அதிகாரிகள் தேர்வுக்கான மருத்துவ விதிகளில் இது நுட்பமாக எழுதப்பட்டிருக்கிறது: ஐந்து வயதுக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால் தகுதியில்லை. கைக்குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு வந்துபோன வலிப்பு, அதாவது ஊர்ல ஜன்னின்னு சொல்றோமே அது, நரம்புக் கோளாறு எதையும் விட்டுப்போகவில்லை என்றால் தடையாகாது. 'ஜன்னி வந்த புள்ள' என்று ஒருத்தனை இருபது வயசு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கிற ஊருக்கு இது தெரிய வேண்டிய விஷயம். (விதிகள் மாறும். ஆள் எடுக்கும்போது வருகிற அறிவிப்பைப் படிச்சிடுங்க, என் பதிவை நம்பி ஓடாதீங்க.)

இனி வரலாறு. சின்ன வயசு உடம்புக்கும் ராணுவத் தேர்வுக்கும் உள்ள தொடர்பை ஒரு அரசாங்கம் பதறிப்போய்க் கவனித்தது போயர் போரின்போது. 1899-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் படையில் சேர முன்வந்த சுமார் 11,000 பேரில் ஏறக்குறைய 8,000 பேர் உடல் தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கு வெளியே வந்தது. சொத்தைப் பல், ஒடுங்கின மார்பு, வளைந்த கால். உலகத்தில் பாதியை ஆளுகிறவன் ஊரில் துப்பாக்கி தூக்க ஆள் இல்லை! உடனே கிளம்பிய வாதம், 'நம்ம இனமே சீரழிஞ்சு போச்சு' என்பது. 1903-இல் ஒரு குழு போட்டார்கள். 1904-இல் வந்த அதன் அறிக்கை அந்த வாதத்தை ஏற்கவில்லை. வறுமை, நெரிசல், குழந்தைகளுக்குச் சரியான சாப்பாடு இல்லாததுதான் காரணம் என்றது. 1906-இல் பள்ளிகளில் உணவு தர வழிசெய்யும் சட்டம் வந்தது, 1907-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வந்தது.

அதே அரசாங்கம் அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் என்ன செய்தது?

1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியனிடம் போர்க்குணம் போய்விட்டது என்று முடிவு கட்டியவர். பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். 'போர்க்குடிகள்' என்ற கொள்கை கெட்டிப்பட்டது. சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, சிலவற்றில் பஞ்சாபியரை நிரப்பினார்கள். 1920-களின் கடைசியில் சென்னைக் காலாட்படை என்று ஒன்று இல்லை. பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. லங்காஷயர் பையன் நோஞ்சானாக இருந்தால் சாப்பாடு சரியில்லை, மதுரைப் பையன் நோஞ்சானாக இருந்தால் பிறப்பு சரியில்லை. எனக்கு இந்த வரலாற்றில் உறைக்கிற இடம் இதுதான்.

அதற்கு எதிரான சாட்சியம் நம்ம நீலகிரியில் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் (இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர்) முதல் உலகப் போருக்குப் பிறகு குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்தினார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளி, மதராஸி என்று ஒவ்வொருத்தர் சாப்பாட்டையும் தனித்தனி எலிக்கூட்டத்துக்குப் போட்டு வளர்த்தார். எலிகள் எல்லாம் ஒரே வளர்ப்பு, கூண்டும் பராமரிப்பும் ஒன்று. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியச் சாப்பாடு தின்ற எலிகள் நன்றாகக் கொழுத்து முதலில் வந்தன. பட்டாணிய, மராட்டிய உணவுகள் அடுத்து. வங்காள உணவு கீழே, எல்லாவற்றுக்கும் கீழே மதராஸி உணவு.

எலிக்கு ஏது சாதி, ஏது போர்க்குடி? ராணுவம் எந்த வரிசையில் ஆள் எடுத்ததோ, ஏறக்குறைய அதே வரிசை தட்டில் இருந்தே வந்துவிட்டது. சாஃப்ட்வேர்காரனாக இதை ரசிக்கிறேன்: பிழை திரையில் தெரிகிற இடம் வேறு, பிறந்த இடம் வேறு. மற்றதை எல்லாம் அசையாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் பிறந்த இடம் பிடிபடும்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. அவர் 'மதராஸி உணவு' என்றது தீட்டிய அரிசியை மையமாக வைத்த, பால் மிகக் குறைந்த சாப்பாடு. கரிசல்காட்டில் அரிசிச் சோறே நாள் கிழமைக்குத்தானே! கம்பும் சோளமும் கேழ்வரகும் தின்ற பேரையூர் பக்கத்து ஆளை அந்த எலிக்கூண்டில் எங்கே வைப்பது? ஒரு மாகாணத்தையே ஒரு தட்டுக்குள் அடக்கியது அந்தச் சோதனையின் பலவீனம் என்றே நினைக்கிறேன். ஆனால் உடம்பைத் தீர்மானிப்பதில் வளரும் வயசுச் சாப்பாட்டுக்கு இருக்கிற பங்கை அது காட்டியது உண்மை.

ராணுவத்தின் மனசை மாற்றியது எலி அல்ல, ஆள் பஞ்சம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் 'போர்க்குணம் இல்லாத' தெற்கில் இருந்து வண்டி வண்டியாக ஆள் எடுத்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் திரும்ப உருவானது.

பள்ளிச் சாப்பாடு இங்கே வந்த வழி வேறு. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-இல் காமராஜர் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைத்த காலை உணவு. இதில் எதிலும் 'சிப்பாய் வேண்டும்' என்ற கணக்கு இல்லை. பிள்ளை பசியில்லாமல் படிக்கணும், அவ்வளவுதான். ஒருவகையில் இங்கிலாந்தை விட யோக்கியமான காரணம்.

சாப்பாட்டோடு எல்லாம் தீர்ந்துவிடாது. முட்டி தட்டுவதையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து நகரங்களில் அதற்குப் பெரிய காரணம் வெயில் படாததால் வைட்டமின் டி குறைந்து வந்த ரிக்கெட்ஸ். வெயில் கொளுத்துகிற நம் நாட்டில் வேறொரு காரணமும் உண்டு: தண்ணீர். ஃப்ளோரைடு மிகுந்த குடிநீரால் பிள்ளைகளுக்கு முட்டி வளைவதை 1970-களில் நல்கொண்டா பகுதியில் ஆராய்ந்து எழுதியவர்கள் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார். குன்னூரில் மெக்காரிசன் வளர்த்த ஆய்வகம் 1950-களின் கடைசியில் இடம் மாறி ஆனதுதான் அந்த நிறுவனம்.

2013 முதல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அவர்கள் தேடுகிற குறைகளின் பட்டியலைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காதில் சீழ், பார்வைக் குறை, மாறுகண், இழுப்பு, வலிப்பு, ருமாட்டிக் இதய நோய், ரிக்கெட்ஸ், சொத்தைப் பல். ஆள் எடுக்கும் இடத்தில் பதினெட்டு வயசுப் பையனைத் திருப்பி அனுப்புகிற காரணங்களில் பாதி அதில் இருக்கிறது. ஆறு வயசில் காதுக்குப் போடுகிற சொட்டு மருந்துக்கு அதிகம் செலவாகாது. அரசுப் பள்ளிக்கு அந்தக் குழு வருகிற அன்னிக்குப் பிள்ளையை லீவு போட வைக்காமல் அனுப்பினால் போதும்.