முன்னேஸ்வரத்து ஆடுகள்

சிலாபம் முன்னேஸ்வரத்தில் சிவன் கோயில் வேறு, பத்திரகாளி கோயில் வேறு. முன்னதில் உயிர்ப்பலி கிடையாது. பின்னதில் உற்சவ காலத்தில் நேர்த்திக்கடனாக ஆடும் சேவலும் வெட்டுவது நெடுநாள் வழக்கம்.

2011 செப்டம்பரில் அமைச்சர் மேர்வின் சில்வா ஆதரவாளர்களுடன் வந்து, பலிக்கு வந்திருந்த பிராணிகளைப் பலவந்தமாகக் கொண்டுசென்றார். பலர் இதனை பௌத்த - இந்துத் தகராறாகவே பார்த்தனர். அந்தக் காளிக்கு நேர்த்தி வைப்போரில் சிங்கள பௌத்தர்கள் ஏராளம் என்பது பெரிதாகப் பேசப்படவில்லை.

பலிக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து வந்ததுமல்ல. வேத காலத்து யாகங்களில் விலங்குகள் பலியிடப்பட்டது உண்மையே. ஆனால் திருக்குறளில் புலால் மறுத்தலுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கோயில்களில் உயிர்ப்பலியைக் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய யாழ்ப்பாணத்திலோ, வேள்வி என்றால் இன்றும் பலருக்குக் கிடாய் வெட்டுத்தான்.

இவ்விரண்டுக்கும் நடுவே பாமர மக்கள் கண்ட வழிகள் வியப்பானவை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஐயனாருக்குச் சைவப் படையல். அருகே நிற்கும் கருப்பருக்குக் கிடாய். வெட்டும் நேரம் ஐயனார் முன்னே திரை போட்டுவிடுவார்கள். கிடாயின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்தால்தான் உத்தரவு. இல்லையேல் காத்திருக்க வேண்டும். வெட்டுகிறவன் மனதிலும் உறுத்தல் இருந்ததற்கு வேறு சான்று வேண்டுமா? வேறு இடங்களில் குங்குமம் தடவிய நீற்றுப்பூசணி ஆட்டின் இடத்தைப் பிடித்தது. வாளோ வழக்கோ இல்லாமல் நடந்த மாற்றம் அது.

சட்டம் இத்தனை பொறுமை காட்டாது. தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தை ஜெயலலிதா அரசு 2003இல் தூசு தட்டி எடுத்தது. கிராமங்கள் கொதித்தன. 2004இல் அதே அரசு சட்டத்தையே நீக்கியது. இங்கே 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியன் ஆலய மிருகபலிக்குத் தடை விதித்தார். வழக்குக்குப் போனது ஓர் இந்து அமைப்பே. 2018இல் அமைச்சரவை நாடளாவிய தடைக்கு இணங்கியது.

நாவலர் தம்மவரோடு வாதிட்டதும் அமைச்சர் ஆள்பலத்தோடு வந்ததும் ஒன்றல்ல. ஆட்டை அறுக்கும் சமூகமான நாம் இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்க வேண்டும். அது அவர்கள் விவகாரம் என்றிருந்த நம்மவரின் வாசலுக்கு 2020 செப்டம்பரில் மாடறுப்புத் தடை யோசனை வந்தது. அதற்கும் ஓர் அமைச்சரவை இணங்கியது. கருணையின் பெயரால் வந்த அந்த யோசனையிலேயே, உண்போருக்காக மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யவும் இடம் வைத்திருந்தார்கள்.