சாவடியில் மாற்றிய குதிரை

'ரிலே' என்ற சொல்லின் பூர்வீகம் தெரிந்தபோது, கரையான்சாவடிக்காரனான எனக்குச் சிரிப்புதான் வந்தது. நெடும்பயணத்தில் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டு, வழியில் காத்திருக்கும் புதுக்குதிரையைப் பூட்டுவதற்கு ஐரோப்பியர் வைத்திருந்த பெயர் அது. நம் பக்கத்தில் வழிப்போக்கர் இளைப்பாறிய இடம் சாவடி.

தந்தியில் களைத்தது மின்சாரம். கம்பி நீள நீள அது மெலியும். 1835 வாக்கில் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி ஒரு வழி கண்டார். மெலிந்த மின்சாரம் ஒரு காந்தத்தை உயிர்ப்பித்தால் போதும். காந்தம் இழுக்கும் இரும்பு, வேறொரு பாட்டரியின் சுற்றை இணைத்துவிடும். அவ்வளவுதான் ரிலே. பிறகு அது தொலைபேசி நிலையங்களுக்குள் போனது. 1941இல் கொன்ராட் ட்சூஸ 2,000க்கும் மேற்பட்ட ரிலேக்களை வைத்து பெர்லினில் கணினியே செய்தார்.

ஆனால் ரிலேயின் அருமை ரயில்வேயில்தான் தெரியும். 1872இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற முறை இது: தண்டவாளத்தின் வழியாகவே ஒரு சிறு மின்சாரம் போய் ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் அந்த மின்சாரத்தைக் குறுக்கே மடக்கிவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். பாட்டரி செத்தாலும், வயர் அறுந்தாலும் அதேதான். எது கெட்டாலும் 'நில்' என்றே சொல்லவேண்டும் என்பதற்காக, இரும்பு தன் எடையாலேயே கீழே விழும்படி இந்த ரிலேக்களை அமைக்கிறார்கள். நம் போத்தனூர் சிக்னல் பணிமனையில் இவை தயாராகின்றன. இப்போது ஸ்டேஷன்களில் கணினி வந்துவிட்டது. ஆனாலும் கணினிக்கும் சிக்னல் விளக்குக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு ரிலே நிற்கிறது.

இதெல்லாம் பாலிடெக்னிக்கில் படித்தவன்தான் நான். ஒரு கோடையில் எங்கள் கிணற்று மோட்டார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றது. ஸ்டார்ட்டரில் இருந்த ஓவர்லோடு ரிலேயின் வேலை. சாயங்காலத்தில் லோ வோல்டேஜ். மோட்டார் அதிக கரண்ட் இழுக்க, உள்ளே இரட்டை உலோகப் பட்டை சூடேறி வளைந்து சுற்றைத் துண்டித்தது. அப்பா ஒவ்வொரு முறையும் போய் ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். "இனிமே நிக்காதுப்பா" என்று, ரிலேயின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் நானே இணைத்தேன்.

நிற்கவில்லை. மூன்றாம் நாள் வார்னிஷ் கருகிய நாற்றம் வீடு வரை வந்தது.

காயில் கட்டுபவர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். "யாரு இந்த வயரப் போட்டது?" அப்பா வாய் திறக்கவில்லை. நான்தான் என்றேன்.

"அது மூணு நாளா சொல்லிப் பாத்துருக்கு தம்பி. நீ வாயக் கட்டிட்ட."

கருகிய செம்பை எடைக்குப் போட்டுக் கூலியில் கழித்துக்கொண்டார். மீதிப் பணத்துக்கு அப்பா சீட்டை முன்கூட்டியே எடுத்தார். ரிலேக்கு ஒன்றும் ஆகவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு அதையே திரும்ப மாட்டினோம்.